தீவுகளில் மழை, நமக்கு வறண்ட வானிலை

பெரியப்பா வீட்டுக்கு அம்மா மட்டும் போகிறாளே, நீங்கள் ஏன் போவதில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னேன். கடைசியாகச் சின்னவன் கேட்டபோது பெரியப்பா ஊரில் இல்லை என்றேன். அந்த நேரத்தில் அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சின்னவன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன், கோர்வையாக வராது. பொய் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. என் அப்பாவின் அண்ணன் மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், நான் அண்ணே என்பேன். வேப்பந்தட்டை ரோட்டுக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம், நாலு ஏக்கரில் இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு. நடுவில் ஒரு வரப்பு. இரண்டு பேருமே சின்ன வெங்காயம்தான். தையில் நட்டுப் பங்குனியில் பிடுங்கி, விற்றதுபோக விதைக்கு வேண்டியதைப் பட்டறை போட்டு வைப்போம். பட்டறை என்றால் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம். தரையில் கல் அடுக்கி, மேலே மூங்கில் தப்பை பரப்பி, இரண்டு பக்கமும் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, கட்டி, நடுவில் தாளோடு வெங்காயத்தைக் கொட்டி, உச்சியில் தென்னங்கீற்று வேய்வது. பக்கவாட்டில் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் வெங்காயம் வெந்துவிடும். தண்ணீர் இறங்கினால் முளைத்து அழுகிவிடும். சித்திரை முழுக்க இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் எங்கள் தூக்கம். அந்த விதை கெட்டால் வைகாசிப் பட்டத்துக்கு நிலத்தில் வைக்க ஒன்றும் இருக்காது.

என்னிடம் ஒரு ரேடியோ இருந்தது. கல்யாணத்தின்போது கீழப்பழுவூரில் இருந்து உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா கொண்டுவந்து கொடுத்தது. தோல் உறை போட்டது. மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருப்பேன். செய்தி முடிந்ததும் வானிலை சொல்வார்கள். நம் ஊருக்கு என்ன என்று தெரிந்துகொள்ள நான் காத்திருப்பேன், ஆனால் கோடையில் நம் பேச்சு வருவதற்கு முன்னால் தீவுகளின் பேச்சு வந்துவிடும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அநேக இடங்களில் மழை பெய்தது. இலட்சத்தீவில் ஓரிரு இடங்களில் மழை பெய்தது. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வறண்ட வானிலை. தினமும் இதே வரிசை. நான் கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். தீவு எப்படி இருக்கும் என்று தெரியாது. பிற்பாடு பெரியவள் பாப்பாவின் பாடப் புத்தகப் படத்தில் அது மிளகைச் சிந்தினாற்போல் இருந்தது. ஆனாலும் கத்தரி வெயிலில் மோட்டார் காற்றைக் கக்குகிறபோது, எங்கோ மழை பெய்கிறது என்று ஒரு குரல் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

பெரியவள் ஒன்றாவது சேர்ந்த வருஷம். சித்திரை முடியவில்லை, அதற்குள் தீவுகளில் பருவமழை தொடங்கிவிட்டது, இந்த ஆண்டு முன்கூட்டியே வந்திருக்கிறது என்று ரேடியோ சொன்னது. நான் என்ன நினைத்தேன் என்றால், அந்தமானில் பெய்தது அப்படியே மேற்கே நகர்ந்து பத்து நாளில் நமக்கு வந்துவிடும் என்று. பஸ் கிளம்பிவிட்டது, நம் ஸ்டாப்புக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பதுபோல. டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். தார்ப்பாய் வாங்கிவந்து பட்டறையைத் தலை முதல் கால் வரை மூடிக் கயிறு கட்டினேன். என் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் மூடினார்கள். அண்ணன் மூடவில்லை.

மழை வரவில்லை. மேற்கே மலையிலிருந்து காய்ந்த காற்றுத்தான் அடித்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒன்பது நாள் தார்ப்பாயைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பத்தாம் நாள் கயிற்றை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க வேர்வை. வெங்காயத்தை எடுத்து நசுக்கினால் கஞ்சியாக வந்தது. மூடிய மூன்று பேருக்கும் விதை போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அந்த இரண்டு பேரும் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்து நாள் கழித்து மாரியம்மன் கோயில் திருவிழா. உங்கள் தாத்தா கீழப்பழுவூரில் இருந்து வந்திருந்தார். கூழ் ஊற்றி முடிந்து சாயங்காலம் ஊரே கோயில் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மைக்கில் ஒருவர் உபயக்காரர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அண்ணன் எழுந்துபோய் மைக்கை வாங்கினார். அவருக்குக் கணீர் என்று குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோக்காரர் மாதிரியே ஆரம்பித்தார்.

"செய்திகள் முடிந்தன. இப்போது வானிலை. அந்தமான் தீவுகளில் அநேக இடங்களில் மழை பெய்தது. நமது ஊரில் ஒரே ஒரு பட்டறையில் மழை பெய்தது. அதுவும் உள்ளேருந்து பெய்தது."

சனம் சிரித்தது. அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு மறுபடி தொடங்கினார்.

"அடுத்த இருபத்துநாலு மணி நேரத்துக்கு, எந்தம்பி பொண்டாட்டி கண்ணுல பலத்த மழை பெய்யும். மீனவர்கள் யாரும் அந்த வூட்டுப் பக்கம் போவ வேணாம்."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒலிபெருக்கிக் குழாய் வேப்பமரத்தில் கட்டியிருந்தது, பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். உங்கள் அம்மா பெண்கள் கூட்டத்தில் இருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். தாத்தா எழுந்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா, நீ என் மடியில் இருந்தாய். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து நீயும் கையைத் தட்டிச் சிரித்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்கு ஆறு வயது. ஆனால் அந்த மனுஷனை நான் மன்னிக்காததற்குக் காரணம் விதை இல்லை, பட்டறை இல்லை, அந்தக் கைதட்டல்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் தாத்தா கிளம்பிவிட்டார். பஸ் ஏறுகிறபோது, "ரேடியோவ வித்துருங்க மாப்ள," என்று மட்டும் சொன்னார்.

நான் விற்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பெயர் அந்தமான். டீக்கடையில் அந்தமான், கிணற்றடியில் அந்தமான், ஆலத்தியூர் சிமெண்டு ஆலைக்கு வேலைக்குப் போகிற பையன்கள்கூடச் சைக்கிளில் போகிறபோது, "அந்தமாண்ணே, குடை எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பாப்பா, பள்ளிக்கூடத்தில் உன்னை அந்தமான் பொண்ணு என்று கூப்பிடுவதாக நீயே வந்து சொன்னாய். அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், நெற்றியில் கையை வைத்து வானத்தை மட்டும் பார்ப்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நான் பாப்பாவின் பழைய நோட்டில் எழுதாமல் மிச்சம் கிடந்த பக்கங்களில் கோடு போட்டேன். தேதி, தீவுகளில் என்ன, நமக்கு என்ன சொன்னார்கள், நிஜத்தில் என்ன நடந்தது, காற்று எந்தப் பக்கம். இரண்டு கோடை ஒரு நாள் விடாமல் எழுதினேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது அம்மா எழுதினாள், அந்தக் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். எழுத எழுதத்தான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. தீவுகளில் பருவமழை என்று சொல்கிற நாள்களில் நமக்கு மேற்குக் காற்றுத்தான், ஒரு சொட்டு கிடையாது. அந்த மழை நமக்கு வருகிற பஸ்ஸே இல்லை. ஆனால் வங்கக் கடலின் தென்மேற்கில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லி, இங்கே மேற்குக் காற்றும் நின்று, காலையில் உடம்பெல்லாம் பிசுபிசு என்று ஒட்டினால், மூன்று நாளுக்குள் நமக்கு மழை. நோட்டில் ஐந்து தடவை அப்படி வந்திருந்தது, ஐந்து தடவையும் பெய்திருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று கேட்டால், ஒரு நாளுக்காக வைத்திருந்தேன். அது எந்த நாள் என்று தெரியாது. வரும் என்று தெரியும்.

மூன்றாம் கோடையில் வந்தது. அந்த வருஷம் அண்ணன் பெரிய பட்டறை போட்டிருந்தார், இருபது தப்படி நீளம் இருக்கும். நல்ல காய், நான் பொறாமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கத்தரி தொடங்கிப் பத்து நாள் இருக்கும், மேலே இருந்த கீற்றைக் கறையான் தின்றுவிட்டது என்று பிரித்துப்போட்டார். புதுக் கீற்று முடைவதற்கு ஓலையைத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார். பட்டறை மேலே ஒன்றும் இல்லாமல் திறந்து கிடந்தது. அன்றைக்குக் காலைச் செய்தியில் வங்கக் கடல், தென்மேற்கு, தாழ்வு என்று மூன்று சொல்லும் வந்தன. வெளியே வந்து நின்றேன். காற்று இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எனக்கு இரண்டு வழி இருந்தது. வரப்பைத் தாண்டினால் அண்ணி. அவர் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிறவர், மைக்கில் பேசியது தப்பு என்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னவர். அண்ணி, இரண்டு நாளைக்குச் சாக்காவது போட்டு மூடுங்கள் என்று காதோடு சொல்லியிருந்தால் மூடியிருப்பார். நான் அண்ணியிடம் போகவில்லை. கூட்டம் சேருகிற நேரம் பார்த்து டீக்கடைக்குப் போனேன்.

பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணன் நடுவில். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அண்ணே, மழ வருது. நாளைக்கு இல்லன்னா நாளான்னிக்கி. பட்டறய மூடி வையிங்க."

"யாரு சொன்னா, அந்தமானா?"

"ஆமாண்ணே, அந்தமாந்தான்."

பெஞ்சு குலுங்கிற்று. அவர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப ஓலைய ஒரு வாரம் ஊறப் போட்டுர்றன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒங்க மழ வந்து வேணா வேஞ்சிட்டுப் போவட்டும்," என்றார்.

"சரிங்கண்ணே, ஊறட்டும்," என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. பொய் சொல்லவில்லை. உண்மையை, அவர் எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில் வைத்துச் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் அந்தமான் பேச்சைக் கேட்டுப் பட்டறையை மூட அந்த மனுஷனால் முடியாது. அது எனக்குத் தெரியும். கடையை விட்டு வெளியே வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே என் பட்டறையின் உச்சியில் மட்டும் பழைய உரச்சாக்குப் பிளாஸ்டிக் தாள் போட்டு, பக்கத்தைத் திறந்து விட்டேன். தார்ப்பாய் தேவைப்படவில்லை. அதை மடித்துக் கொட்டகையில் வைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. இடி இல்லாமல் முதலில் காற்று வந்தது, பிறகு ஒரே இறக்காக மழை. நான் மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் இருந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் ஓடி வந்தார்கள். கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து பட்டறை மேல் போட்டார்கள். கோணிப்பை, பாய், கொடியில் கிடந்த சேலை. இருபது தப்படிக்கு அது எங்கே போதும். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் காற்றுத் தூக்கிற்று. அண்ணன் ஊறப் போட்ட ஓலையை அப்படியே ஈரத்தோடு இழுத்து வந்து மேலே எறிந்தார். அது சரிந்து சரிந்து விழுந்தது.

அண்ணி வரப்பு மேல் ஏறி நின்று கூப்பிட்டார்.

"தம்பி, அந்தத் தார்ப்பாயக் குடுங்க. தம்பி."

நான் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். மழையில் ஒரே கரகரப்பு, யாரோ தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கேட்டாள், "அக்கா கூப்புடறாங்க, காது கேக்கல?" அவள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். "தார்ப்பா எங்க?"

நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அவளும் பார்த்துவிட்டாள். என்னை எழுந்திருக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மூலையில் கிடந்த இரண்டு உரச்சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி வரப்பைத் தாண்டிப் போனாள். மைக்கில் யாருடைய கண்ணைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அவள் போய் அண்ணனோடு நின்று அந்தச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மழை விடுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. நாலாம் நாள் அண்ணனின் பட்டறை பச்சையாக முளைவிட்டது. ஒரு வாரத்தில் நாற்றம் எடுத்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த நாற்றம் வரும், நான் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. எழுதக் கூசுகிறது, ஆனால் எனக்கு அது மணந்தது. டீக்கடையில் யாரும் என்னை அந்தமான் என்று கூப்பிடவில்லை. "நாளைக்கு எப்புடிங்க?" என்று கேட்டார்கள். மரியாதையாக.

வைகாசி பாதியில், உச்சி வெயிலில், அண்ணன் ஒரு வெறும் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். விதைக்கு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஊரில் வேறு யாரிடமும் நல்ல விதை மிச்சம் இல்லை. அவர் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நின்றேன். கேட்டார். "ரெண்டு மூட்ட வெத இருந்தா குடுறா. தைக்குத் திருப்பிக் குடுத்துர்றேன்."

தருவதாகத்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லி அனுப்பினால் அன்றோடு முடிந்துவிடும், தந்தால் ஒவ்வொரு வருஷமும் அவர் நிலத்தில் நான் முளைப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று வேண்டியிருந்தது. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரு பக்கம் வாசிங்கண்ணே. ஒங்க கொரலு நல்லாருக்கும்."

அவருக்குப் புரிந்தது. கண் சிவந்தது. ஆனாலும் வாசித்தார், விதை வேண்டுமே. முதலில் ஒப்புக்கு இழுத்து இழுத்து வாசித்தார். அந்தமான் நிக்கோபாரில் அநேக இடங்களில். இலட்சத்தீவில் ஓரிரு இடங்களில். நமக்கு வறண்ட வானிலை. நான் தூணில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்தது அந்தக் குரலைத்தான். அடுத்த பக்கம் என்றேன். அவர் புரட்டினார். பிறகு அவர் குரல் மாறியது. நோட்டில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"தெ.மே. வங்கக் கடலில் தாழ்வு. காற்று இல்லை. மழை நிச்சயம். அண்ணன் பட்டறை கீற்று பிரித்துக் கிடக்கிறது. டீக்கடையில் சொன்னேன். கேட்கவில்லை."

நான் கண்ணைத் திறந்தேன். அந்தப் பக்கம் அதில் இருக்கிறது என்பதை மறந்துபோயிருந்தேன். நடந்ததை எல்லாம் எழுதிப் பழகிய கை, அதையும் எழுதி வைத்திருந்தது.

"கீத்து பிரிச்சுக் கெடந்தது ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ஒன் அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடா."

மைக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பாப்பா கை தட்டியதைச் சொல்ல வந்தது. அவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. நோட்டை மூடி வாசற்படியில் வைத்தார். சாக்கை உதறி நாலாக மடித்து மறுபடி அக்குளில் இடுக்கினார். விதை உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வைகாசியில் அவர் மக்காச்சோளம் போட்டார். பிறகு வெங்காயமே போடவில்லை. ஊரில் எல்லோரும் நான் ஜெயித்ததாக நினைத்தார்கள். நானும் மற்றவர்கள் முன்னால் அப்படித்தான் நடந்துகொண்டேன். அவர் அந்தச் சாக்கை நிரப்பிக்கொண்டு போயிருந்தால் ஜெயித்திருப்பேன். வெறும் சாக்கோடு போய் என் கையில் இருந்ததைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம்தான். இதற்குள் அரியலூர் நம்மை விட்டுத் தனி மாவட்டமாகப் போய், திரும்பச் சேர்ந்து, மறுபடி தனியாகவும் போகப் போகிறது என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சேரவில்லை.

அவர் மைக்கில் பேசியதற்கு நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அண்ணி வரப்பில் நின்று கூப்பிட்டதற்கு ரேடியோவைக் கூட்டியது சரியில்லை. இரண்டையும் நான் சேர்த்துப் பார்ப்பதில்லை. அம்மா சேர்த்துப் பார்க்கிறாள். அதனால்தான் அவள் அந்த வீட்டுக்குப் போகிறாள். நீங்களும் போங்கள், நான் தடுக்கவில்லை. அண்ணி ஏதாவது தந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். அந்தத் தார்ப்பாய் பரணில் மடித்தபடி இருக்கிறது, அண்ணி எப்போதாவது கேட்டால் என்னிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அவரும் இப்போது ஒரு ரேடியோ வாங்கிவிட்டார். என்னிடம் கேட்க வேண்டாம் அல்லவா. கத்தரி வெயில் தொடங்கினால், வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் சொல்கின்றன, தீவுகளில் அநேக இடங்களில் மழை என்று. நான் என்னுடையதை ஒரு திருகு கூட்டி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அவரும் கூட்டுவார்.